முதலில் என்ன காதில் விழுந்தது?

ஆபீஸில் வேலைக்கு ஆள் எடுக்கும் இன்டர்வியூக்களில், கேள்வி கேட்பவர்கள் எழுதிவைக்கும் குறிப்புகளை வாங்கி ஒன்றாகத் தொகுத்துக் கொடுப்பது பல வருஷமாக என் பொறுப்பு. ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒரே ஆளிடம், ஒரே நேரத்தில் பேசியவர்கள் எழுதிய குறிப்புகளை அருகருகே வைத்துப் படிக்கும் வாய்ப்பு எல்லாருக்கும் கிடைக்காது. படித்துப் படித்து, ஒரு மனிதர் இன்னொரு மனிதரைப் புரிந்துகொள்ளும் விதத்தின் மேலேயே எனக்குத் தனியாக ஒரு அக்கறை வந்துவிட்டது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகவே.

ஒரு இன்டர்வியூவை மட்டும் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். வந்தவர் எந்தக் கேள்விக்கும் உடனே பதில் சொல்லவில்லை. கேள்வி முடிந்ததும் சில நொடி மேசையைப் பார்ப்பார், அப்புறம் நிமிர்ந்து பேசுவார். ஒருவர் குறிப்பில் இருந்தது: "நிதானமான ஆள். கேள்வியை உள்வாங்கிக்கொண்டு பேசுகிறார்." இன்னொருவர் குறிப்பில்: "ஒவ்வொரு பதிலுக்கும் தயங்குகிறார். அடிப்படையிலேயே தடுமாற்றம்." பழைய வேலையில் சரியாக வராமல் போன ஒரு திட்டத்தைப் பற்றிக் கேட்டபோது அவர், "அந்த முடிவை எடுத்தது நான்தான்" என்றார். முதலாமவர் "பொறுப்பைத் தட்டிக்கழிக்கவில்லை" என்று எழுதியிருந்தார். இரண்டாமவர் "திட்டம் கெட்டதற்குத் தானே காரணம் என்று ஒப்புக்கொண்டார்" என்று எழுதி, அடியில் கோடும் போட்டிருந்தார். நடுவில் அவர் தண்ணீர் குடித்தது ஒரு தாளில் பதற்றம் என்று ஏறியிருந்தது, மற்றதில் அது இடம்பெறவே இல்லை.

எங்கிருந்து வந்தது இந்த வித்தியாசம் என்று இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். முதலாமவர் அன்று காலையில், வந்தவர் முன்பு எழுதிய ஒரு ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு வந்திருந்தார், அது நன்றாக இருந்திருக்கிறது. இரண்டாமவருக்கு அன்று காலையில் பழைய நண்பர் ஒருவரிடமிருந்து போன். "அவரா? ஆள் நல்ல மாதிரி, ஆனால் விஷயம் ஆழமாகத் தெரியாது." அவ்வளவுதான் அந்தப் பேச்சு. இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது என்னவென்றால், அந்த இரண்டாமவர் எனக்குத் தெரிந்த மிக நேர்மையான மனிதர்களில் ஒருவர். யாருக்கும் அநியாயம் செய்ய நினைக்காதவர். தான் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினோம் என்று அவர் உண்மையாகவே நம்பினார், பார்த்ததும் பொய்யில்லை. தயக்கம் அவருக்குத் தயக்கமாகத்தான் தெரிந்தது.

முதல் எண்ணம் தப்பாக இருக்கலாம் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம், அதைச் சொல்ல ஒரு கட்டுரை தேவையில்லை. போகப் போகத் தெரிந்துவிடும், பழகப் பழகச் சரியாகிவிடும் என்று நாம் நமக்கே தைரியம் சொல்லிக்கொள்கிறோமே, அங்கேதான் சிக்கல். பின்னால் வருகிற ஒவ்வொரு விஷயமும் தன் அர்த்தத்தை அந்த முதல் எண்ணத்திடமிருந்தே கடன் வாங்கிக்கொண்டு வருகிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லிவைத்தவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கிறது. இருட்டு எத்தனை முறை வந்தாலும் அவனுக்குப் பேய் இல்லை என்பது நிரூபணம் ஆகாது, ஒவ்வொரு இருட்டும் இன்னொரு பேய்தான்.

1946-இல் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் ஒரு எளிய சோதனையைச் செய்தார். ஒரு மனிதரைப் பற்றி ஆறு சொற்கள்: புத்திசாலி, உழைப்பாளி, யோசிக்காமல் சட்டென்று செயல்படுபவர், குறை கண்டுபிடிப்பவர், பிடிவாதக்காரர், பொறாமைக்காரர். ஒரு குழுவுக்கு இந்த வரிசையில் படித்துக் காட்டினார், இன்னொரு குழுவுக்கு அதே ஆறையும் பொறாமையில் தொடங்கிப் புத்திசாலியில் முடிகிற மாதிரி தலைகீழாக. முதல் குழுவுக்குக் கிடைத்தவர் சில குறைகள் இருந்தாலும் திறமைசாலியான ஒரு ஆள். இரண்டாவது குழுவுக்குக் கிடைத்தவர், குறைகளே தன் திறமையை மேலே வரவிடாத ஒரு ஆள். ஒரு சொல்கூட மாறவில்லை, வரிசைதான் மாறியது. பிடிவாதம் என்பதை யோசித்துப் பாருங்கள். புத்திசாலிக்கு அடுத்து வந்தால் அது கொள்கையில் உறுதி, பொறாமைக்கு அடுத்து வந்தால் வெறும் முரட்டுத்தனம்.

நாலு வருஷம் கழித்து, 1950-இல், ஹரோல்ட் கெல்லி இதை நிஜ மனிதரை வைத்தே செய்தார். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர்களின் வகுப்புக்கு ஒரு புது ஆசிரியர் வருகிறார், வருவதற்கு முன்பு அவரைப் பற்றிய சிறு குறிப்பு மாணவர்களுக்குக் கொடுக்கப்படுகிறது. பாதிப் பேர் கையில் இருந்த குறிப்பில் அவர் அன்பாகப் பழகுபவர் என்றும், மீதிப் பேர் கையில் இருந்ததில் கொஞ்சம் விட்டேற்றியானவர் என்றும் இருந்தது, மற்ற எல்லாம் ஒன்றே. அதே அறை, அதே ஆள், சுமார் 20 நிமிஷப் பேச்சு. முடிந்ததும் முதல் கூட்டம் அவரைக் கலகலப்பானவர், அடுத்தவரை மதிப்பவர் என்றெல்லாம் மதிப்பிட்டது, இரண்டாவது கூட்டத்தின் மதிப்பீடு கீழே இறங்கியிருந்தது. மதிப்பீட்டைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு எண். நல்ல குறிப்பைப் படித்தவர்களில் 56 சதவீதம் பேர் அவரோடு விவாதத்தில் கலந்துகொண்டார்கள், மற்றவர்களில் 32 சதவீதம்தான்.

அதாவது எண்ணம் மனசுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதில்லை, நம் நடத்தையில் இறங்கிவிடுகிறது. நாம் கேட்காத கேள்விக்கு அவர் பதில் சொல்ல முடியாது. நாம் பேச்சுக் கொடுக்காதபோது அவர் கலகலப்பாக இருக்க முடியாது. பிறகு நாமே சொல்வோம், "பார்த்தீர்களா, சரியான உம்மணாமூஞ்சி."

இதைக் கண்ணெதிரே நான் பார்த்திருக்கிறேன். எங்கள் பிரிவுக்கு இன்னொரு பிரிவிலிருந்து ஒரு பெண் மாற்றலாகி வந்தார். அவர் வருவதற்கு முன்பே அவரைப் பற்றிய பேச்சு வந்து சேர்ந்துவிட்டது: "யாரோடும் ஒத்துப்போகமாட்டார்." அவர் வந்தார், தன் இடத்தில் உட்கார்ந்தார், வேலையைப் பார்த்தார், நேரத்துக்குக் கிளம்பினார். இதையேதான் அதே சமயத்தில் வேலைக்குச் சேர்ந்த இன்னொருவரும் செய்தார், அவரை எல்லாரும் "அமைதியான ஆள்" என்றார்கள். இவரை மட்டும் "யாரையும் மதிக்கமாட்டார்" என்றார்கள். கூட்டங்களில் இவர் கேள்வி கேட்டால் குறுக்கீடு. கேட்காமல் இருந்தால் அக்கறையில்லை.

அப்புறம் புதிதாகப் படிப்பை முடித்து வந்த ஒரு பையன், இந்தப் பேச்சு எதுவும் காதில் விழாதவன், ஏதோ ஒரு கணக்கு புரியாமல் நேராக அவரிடம் போய், "மேடம், இது எப்படி வருது?" என்று கேட்டான். அவர் எழுந்து பலகைக்குப் போய்ப் படம் வரைந்து, பொறுமையாக, அவன் தலையாட்டுகிற வரை விளக்கினார். அறையில் இருந்த எல்லாரும் அதைப் பார்த்தார்கள். இப்போது எண்ணம் மாறியிருக்க வேண்டும் இல்லையா? மாறவில்லை. "அவனிடம் மட்டும் என்னவோ நன்றாகப் பழகுகிறார்" என்றார்கள்.

ஒரு எண்ணத்துக்கு எதிரான சாட்சி வந்தால் அது எண்ணத்தை உடைக்கும் என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அது விதிவிலக்கு என்று ஒரு தனி டப்பாவில் போடப்படுகிறது, எண்ணம் அப்படியே கெட்டியாக இருக்கிறது. சாதகமான சாட்சியை யாரும் விதிவிலக்கு என்று சொல்வதில்லை. எனவே கணக்கு எப்போதும் ஒரே பக்கம்தான் ஏறும். உங்கள் வாயில் "இவர் இன்று மட்டும் ஏதோ" அல்லது "அவரிடம் மட்டும் எப்படியோ" என்று வருகிறதா, அந்த இடத்தில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். உங்களுக்குள் ஒரு பழைய தீர்ப்பு தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரிந்து இல்லை.

"நான் ஆதாரம் இல்லாமல் எதையும் முடிவு செய்யமாட்டேன்" என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்காக 1983-இல் ஜான் டார்லியும் பேஜட் கிராஸும் செய்த ஆய்வைச் சொல்ல வேண்டும். நாலாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் வீடியோவைக் கல்லூரி மாணவர்களுக்குக் காட்டினார்கள். சிலர் பார்த்ததில் அவள் வசதியான சூழலில் வளர்பவள், மற்றவர்கள் பார்த்ததில் வறுமையான சூழலில் வளர்பவள். இந்தப் பின்னணியை மட்டும் பார்த்தவர்களிடம் அவள் படிப்பு எப்படி இருக்கும் என்று கேட்டபோது பெரும்பாலும் அடக்கமாகவே பதில் சொன்னார்கள், அவள் வகுப்புக்கு உரிய நிலைதான் என்றார்கள். ஆனால் இன்னொரு பகுதியினருக்கு அவள் ஒரு தேர்வில் பதில் சொல்லும் வீடியோவும் காட்டப்பட்டது. கடினமான சில கேள்விகளுக்குச் சரியாகச் சொல்கிறாள், சுலபமான சிலதைக் கோட்டை விடுகிறாள், எந்தப் பக்கமும் சாயாத மாதிரி. அதைப் பார்த்த பிறகுதான் வித்தியாசம் பெரிதாகக் கிளம்பியது. வசதியான வீட்டுப் பிள்ளை என்று நினைத்தவர்களுக்கு அவள் வகுப்பைவிட மேலே தெரிந்தாள், ஏழை வீட்டுப் பிள்ளை என்று நினைத்தவர்களுக்குக் கீழே. இரு தரப்பும் அந்த ஒரே தேர்வையே ஆதாரமாகக் காட்டின.

இந்த ஆய்வைப் படித்ததிலிருந்து "நான் கண்ணால் பார்த்தேன்" என்ற வாதத்தின் மேல் எனக்கு இருந்த மரியாதை குறைந்துவிட்டது. வெறும் வதந்தியை வைத்து ஒருவரை எடைபோட நமக்குக் கொஞ்சம் கூச்சம் இருக்கிறது. கையில் ஏதாவது ஒரு ஆதாரம் கிடைத்துவிட்டால் அந்தக் கூச்சம் போய்விடுகிறது, ஆதாரம் எந்தப் பக்கம் காட்டுகிறது என்று பார்ப்பதற்குள்ளேயே. எனவே நிறையத் தகவல் சேர்ப்பது மட்டும் இதற்கு மருந்தாகாது. எண்ணத்தோடு சேர்க்கப்படும் தகவல் எண்ணத்தைத்தான் வளர்க்கும்.

அனுபவமும் காப்பாற்றாது. 2004-இல் மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பு விசாரணையில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. ஒரு கைரேகையைத் தவறான ஆளோடு பொருத்தியது, பிறகு மன்னிப்புக் கேட்டது. அதை வைத்து இட்டியேல் ட்ரோர் என்ற ஆய்வாளரும் அவரோடு இருந்தவர்களும் 2006-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அனுபவமுள்ள ஐந்து கைரேகை நிபுணர்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு ஜோடி கைரேகையைக் கொடுத்து, இதுதான் எஃப்.பி.ஐ. தவறாகப் பொருத்திய அந்த ஜோடி, நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்றார்கள். உண்மையில் அந்த ஜோடி, அதே நிபுணர் சில வருஷங்களுக்கு முன்பு தன் வழக்கமான வேலையில் பார்த்து, பொருந்துகிறது என்று எழுதிக் கொடுத்தது. ஐந்து பேரில் மூன்று பேர் இப்போது பொருந்தவில்லை என்றார்கள், ஒருவர் முடிவு சொல்லப் போதுமான தகவல் இல்லை என்றார், ஒருவர்தான் பழைய முடிவிலேயே நின்றார். ரேகையின் கோடுகளை வைத்து வேலை செய்பவர்களுக்கே, அதற்கு முன் காதில் விழுந்த ஒரு வாக்கியம் கோடுகளை மாற்றிக் காட்டுகிறது என்றால், ஒருவருடைய முகபாவத்தையும் மௌனத்தையும் வைத்து முடிவு செய்கிற நம்மைப் பற்றி என்ன சொல்வது.

வீட்டிலும் இது நடந்தது. அப்பா போன பிறகு அம்மாவுக்குச் சரியாகத் தூக்கமில்லை. அப்போது பார்த்த டாக்டர் ஃபைலில் மனப்பதற்றம் என்று எழுதினார், அன்றைக்கு அது நியாயமான முடிவுதான். ஆனால் அதற்குப் பிறகு யாரிடம் போனாலும் அவர்கள் முதலில் பார்த்தது கம்ப்யூட்டர் திரையில் இருந்த அந்தச் சொல்லைத்தான். சோர்வாக இருக்கிறது என்றால், "மனசைத் தளரவிடாதீங்க." முடி கொட்டுகிறது என்றால், "கவலைப்பட்டா கொட்டத்தான் செய்யும்." உடம்பு எடை போடுகிறது என்றாலும் அதே பதில். இதில் எனக்கு மிகவும் வலித்தது, கொஞ்ச நாளில் அம்மாவே டாக்டர் கேட்பதற்கு முன்னால், "எனக்கு மனசுதான் சரியில்லை டாக்டர்" என்று தொடங்க ஆரம்பித்ததுதான். தன் உடம்பில் நடப்பதையே அந்தச் சொல் வழியாகத்தான் அவர் படிக்கத் தொடங்கியிருந்தார்.

பிறகு ஒரு இளம் டாக்டர். அம்மா உட்கார்ந்ததும் திரையை ஓரமாகத் திருப்பி வைத்தார். "ஃபைலை அப்புறம் பார்க்கிறேன். நீங்களே முதல்லேருந்து சொல்லுங்கம்மா, எப்போ தொடங்குச்சு, முதல்ல என்ன தெரிஞ்சது?" அம்மா சொல்லச் சொல்ல இடையில் ஒரே ஒரு கேள்வி: "மத்தவங்களுக்குத் தெரியாத குளிர் உங்களுக்கு மட்டும் தெரியுதா?" ஆமாம், மின்விசிறி போட்டாலே அம்மா போர்த்திக்கொள்வார், அதை நாங்கள் யாரும் ஒரு நோய்க்குறியாக நினைத்ததே இல்லை. ரத்தப் பரிசோதனையில் தைராய்டு சுரப்பு குறைவு என்று வந்தது. மாத்திரை தொடங்கி, சில மாதங்களில் சோர்வு படிப்படியாகக் குறைந்தது. முன்பு பார்த்த டாக்டர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. சோர்வும் மனத்தளர்ச்சியும் இரண்டிலும் வரக்கூடியவை. ஆனால் அந்த இளம் டாக்டர் மற்றவர்களைவிட அதிகம் படித்தவரோ அதிக நேரம் எடுத்துக்கொண்டவரோ இல்லை. எதை முதலில் பார்ப்பது என்ற வரிசையை மாற்றினார், அவ்வளவுதான் வித்தியாசம்.

வரிசையை மாற்றுவது, இதைத்தான் நான் முழு மனசோடு பரிந்துரைக்கிறேன். முன்முடிவே இல்லாமல் இருங்கள் என்று சொல்வதில் பயனில்லை. ஒரு முகத்தை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் பார்த்தாலே நம்பகமானவரா இல்லையா என்று மனம் முடிவு செய்துவிடுகிறது, 2006-இல் ஜேனின் வில்லிஸும் அலெக்சாண்டர் டோடரோவும் இதைக் காட்டினார்கள். கூடுதல் நேரம் கொடுத்தபோது அந்த முடிவு அவ்வளவாக மாறவில்லை, முடிவின் மேல் இருந்த நம்பிக்கைதான் கூடியது. எண்ணம் வருவதைத் தடுக்க முடியாது. எண்ணத்துக்கு முன்னால் எது வந்து நிற்க வேண்டும் என்பதை மட்டும் ஓரளவு நம்மால் ஏற்பாடு செய்ய முடியும்.

எங்கள் இன்டர்வியூக்களில் இப்போது, விண்ணப்பித்தவர் செய்த வேலையின் ஒரு மாதிரியைப் பெயர் இல்லாமல் முதலில் படித்து மதிப்பெண் போட்டுவிடுகிறார்கள், விண்ணப்பம் அப்புறம்தான் கைக்கு வரும், பரிந்துரைகள் எல்லாவற்றுக்கும் கடைசியில். குறிப்புத் தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்திருக்கிறோம். இடது பக்கம் என்ன நடந்தது, என்ன சொன்னார் என்பது மட்டும், அவர் வாயிலிருந்து வந்த மாதிரியே. வலது பக்கம் அதிலிருந்து எனக்கு என்ன தோன்றியது. "தயங்குகிறார்" என்று இடது பக்கம் எழுத முடியாது, "பதிலுக்கு முன் சில நொடி பேசவில்லை" என்றுதான் எழுத முடியும். தொடக்கத்தில் இதற்கு முணுமுணுப்பு வந்தது, எழுத நேரம் அதிகமாகிறது என்று. உண்மைதான், அதிகமாகிறது. ஆனால் ஒரே இடது பக்கத்துக்கு இரண்டு விதமான வலது பக்கங்கள் இருப்பதைத் தங்கள் கண்ணாலேயே பார்த்த பிறகு முணுமுணுப்பு நின்றது. கலந்து பேசுவதற்கு முன்பே தாள்கள் என்னிடம் வந்துவிட வேண்டும் என்பதும் முக்கியம், இல்லையென்றால் முதலில் வாய் திறப்பவரின் எண்ணம் அறையில் இருக்கும் எல்லாருடைய எண்ணமாகிவிடும்.

நிறையப் பேரை மதிப்பிடுகிறவர்களுக்கு, விடைத்தாள் திருத்துகிறவர்களுக்கும்தான், இன்னொரு வழி. ஒருவருடைய தாளை முழுக்க முடித்துவிட்டு அடுத்தவருடையதை எடுக்காதீர்கள். எல்லாருடைய முதல் விடையையும் முடியுங்கள், பிறகு எல்லாருடைய இரண்டாவது விடை. 1920-லேயே எட்வர்ட் தார்ன்டைக் என்ற உளவியலாளர் கவனித்த விஷயம் இது. ராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கீழே இருந்தவர்களின் உடல் தோற்றம், அறிவு, தலைமைப் பண்பு, குணம் என்று தனித்தனியாக மதிப்பெண் போட்டபோது, எல்லாம் ஒன்றோடொன்று நம்ப முடியாத அளவுக்கு ஒட்டியே இருந்தன. ஒன்றில் நல்ல பெயர் வாங்கியவர் எல்லாவற்றிலும் நல்லவர். முதல் விடை அழகாக இருந்துவிட்டால் மூன்றாவது விடையில் இருக்கும் ஓட்டை கண்ணில் படாது.

எண்ணம் ஏற்கெனவே விழுந்துவிட்டது என்றால் என்ன செய்வது? "நடுநிலையாக யோசியுங்கள்" என்று யாருக்கும் சொல்லாதீர்கள், நமக்கும் சொல்லிக்கொள்ள வேண்டாம். சார்ல்ஸ் லார்ட், மார்க் லெப்பர், எலிசபெத் பிரஸ்டன் மூவரும் 1984-இல், மரண தண்டனை பற்றிய ஆய்வுகளைப் படித்து மதிப்பிடக் கொடுத்து, இதைச் சோதித்தார்கள். நடுநிலையாக இருங்கள் என்று சொல்லப்பட்டவர்களிடம் பெரிய மாற்றமில்லை. நீங்கள் படிக்கும் இதே ஆய்வு நேர்மாறான முடிவைக் காட்டியிருந்தால் அப்போதும் இதன் முறையை இப்படித்தான் மதிப்பிட்டிருப்பீர்களா என்று கேட்டுக்கொள்ளச் சொன்னபோதுதான் மாறியது. எனக்கு இது ஆச்சரியமாக இல்லை, ஏனென்றால் சாய்ந்திருப்பவருக்குத் தான் நேராக நிற்பதாகத்தான் தெரியும். அவரிடம் குறிப்பான ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும். இதே காரியத்தை எனக்குப் பிடித்த அந்த இன்னொருவர் செய்திருந்தால் அதற்கு நான் என்ன பெயர் வைத்திருப்பேன்?

மெசேஜ்களுக்கு இந்தக் கேள்வி கைகொடுப்பது மாதிரி வேறு எதற்கும் கொடுப்பதில்லை. மேலதிகாரியிடமிருந்து "சரி." என்று ஒரே ஒரு சொல், பின்னால் ஒரு முற்றுப்புள்ளி. அதை வைத்து ஒரு இரவு முழுக்கத் தூங்காமல் இருந்தவரை எனக்குத் தெரியும். எழுத்தில் தொனி இல்லை, படிப்பவர்தான் தன் மனசில் இருக்கும் குரலை அதற்குக் கொடுக்கிறார். 2005-இல் ஜஸ்டின் க்ரூகர் குழுவினர் செய்த ஆய்வில், தாங்கள் மின்னஞ்சலில் அனுப்பும் வரி கிண்டலா நிஜமா என்பதைப் பெறுபவர் 78 சதவீதம் சரியாகக் கண்டுபிடிப்பார் என்று அனுப்பியவர்கள் எதிர்பார்த்தார்கள். நடந்தது 56 சதவீதம், ஒரு நாணயத்தைச் சுண்டிவிட்டால் கிடைப்பதைவிடக் கொஞ்சம்தான் மேல். கோபம் வருகிற மெசேஜை உங்களுக்கு மிகவும் பிடித்த ஒருவர் அனுப்பியதாக நினைத்து அவர் குரலில் ஒரு முறை படித்துப் பாருங்கள். அப்போதும் உறைக்கிறது என்றால் கோபம் அந்த வரியிலேயே இருக்கிறது. உறைக்கவில்லை என்றால், பதில் எழுதுவதற்கு முன்பு ஒரு போன் போட்டுப் பேசுங்கள்.

இவ்வளவு சொன்னதால், முதல் உள்ளுணர்வையே நம்பக்கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தனியாக இருக்கும் இடத்தில் ஒருவரைப் பார்த்துப் பயம் தோன்றினால் கிளம்பிவிடுங்கள், அங்கே இடது பக்கம் வலது பக்கம் எல்லாம் தேவையில்லை. அங்கே எண்ணம் தப்பாகப் போனால் நஷ்டம் சிறியது. இன்னொருவருடைய வேலை, மதிப்பெண், சிகிச்சை, பெயர் ஆகியவை நம் எண்ணத்தைப் பொறுத்து இருக்கும்போதுதான் இந்த மெனக்கெடல்.

உங்கள் மேலேயே ஒரு பெயர் விழுந்துவிட்டது என்றால், நல்லபடி நடந்து காட்டினால் தானாக மாறிவிடும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். உங்கள் நடத்தையையும் அந்தப் பெயரின் வழியாகத்தான் பார்ப்பார்கள், அதுதானே இவ்வளவு நேரமும் பார்த்தது. ஒன்றைச் செய்வதற்கு முன்பு ஏன் செய்கிறீர்கள் என்பதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். "குறை சொல்லக் கேட்கவில்லை, இந்த இடம் எனக்குப் புரியவில்லை, அதனால் கேட்கிறேன்." கேட்பவர் தானாக ஒரு அர்த்தத்தைப் போடுவதற்குள் உங்கள் அர்த்தம் அங்கே போய் நிற்கும். முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவரிடம் நேராகவே கேளுங்கள்: "என்னைப் பற்றி இப்படி ஒரு பேச்சு இருக்கிறது, எந்தச் சம்பவத்திலிருந்து வந்தது என்று தெரியுமா?" கேட்கத் தைரியம் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெரும்பாலான பெயர்களுக்குப் பின்னால் ஒரே ஒரு சம்பவம்தான் இருக்கும், அதையும் யாரும் முழுசாகப் பார்த்திருக்கமாட்டார்கள்.

மாற்றலாகி வந்த அந்தப் பெண் இதைத்தான் செய்தார். எங்கள் மேலாளரிடம் போய் நேரடியாகக் கேட்டார். மேலாளரும் நல்ல மனிதர், மழுப்பாமல் பழைய பிரிவில் விசாரித்தார். தேடிப் போனால், சரிபார்க்காத எண்கள் இருந்த ஒரு ரிப்போர்ட்டில் எல்லாரும் கையெழுத்துப் போட்ட பிறகு அவர் மட்டும் போட மறுத்திருக்கிறார். அன்று அதனால் ஒரு வேலை தாமதமாகி, "ஒத்துப்போகமாட்டார்" என்ற சொல் பிறந்து, சம்பவம் பின்தங்கிவிட, சொல் மட்டும் எங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அதற்குப் பிறகு, ஒருவரைப் பற்றி இன்னொரு பிரிவுக்கு எழுதி அனுப்பும் குறிப்பில் அவருடைய குணத்தைப் பற்றி எந்தச் சொல் வந்தாலும், பக்கத்தில் என்ன நடந்தது, எப்போது நடந்தது என்று எழுத வேண்டும் என்று வைத்திருக்கிறோம். எழுத எதுவும் இல்லையென்றால் அந்தச் சொல்லை நான் அடித்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.